பொங்கல்படி மணலில் இரும்பறுத்த சோலைச்சாமி

கோவில்பட்டியில் பம்பு ஓட்டிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பம்புக்கு வாழ்க்கைப்பட்டவர் சோலைச்சாமி ஒருவர்தான். இதை அவருடைய மனைவி சீனித்தாயே தெருக்குழாய் வரிசையில் நின்று பலமுறை அறிவித்திருப்பதால் வேறு சாட்சி தேவையில்லை.

அவர் பிறந்தது கயத்தாற்றுக்கு வடக்கே ஒரு கரிசல் ஊரில், வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில். பருத்தியும் கம்பும் விளையும் புஞ்சை. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அண்ணன்மார் இரண்டு பேரும் அந்த மண்ணோடு மல்லுக்கட்டப் போனார்கள். சோலைச்சாமி, மீசை அரும்பிய வயதில், பருத்தி ஏற்றிய வண்டியின் மேலே உட்கார்ந்து கோவில்பட்டி ஜின்னிங் பேக்டரிக்கு வந்து சேர்ந்தார்.

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சை இரும்புப் பெட்டிக்குள் திணித்து, கல்லைப் போல் இறுக்கிப் பேலாகக் கட்டுகிற இடம் அது. இறுக்குவது யார் என்று சோலைச்சாமி எட்டிப் பார்த்தார். கொட்டகைக்குள்ளே மூன்று தண்டுகள் மாறி மாறி ஏறி இறங்கும் பழைய பம்பு ஒன்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் யானை பலத்தோடு பஞ்சை அமுக்கியது. அவருடைய ஊரில் தண்ணீருக்கு இருந்த ஒரே பலம், வராமலே இருப்பதுதான். வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பாரம் இறக்கிய வண்டி ஊருக்குத் திரும்பியது. அவர் திரும்பவில்லை.

எண்ணெய் ஊற்றுகிற ஆளாகத் தொடங்கி, பம்பு ஓட்டுகிறவராக உயர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கொட்டகையை ஆண்டார். அவருடைய ஆட்சியில் சட்டம் ஒன்றுதான்: மணல் உள்ளே வரக்கூடாது. பேக்டரிக் கிணற்றில் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும். மணலும் கூடவே ஏறிவரும். அப்படி வந்த மணல் ஒருமுறை வால்வுகள் உட்காருகிற இடத்தை ஏர் உழுத மாதிரி அறுத்துப் போட்டது. அன்றைக்குப் பம்பைக் கட்டிக்கொண்டு அவர் அழுததாக ஊரில் பேச்சு. அவர் அழவில்லை, கண்ணில் எண்ணெய் தெறித்தது என்பது அவர் தரப்பு. அதற்குப் பிறகு தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டித்தான் பம்புக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டிதான் நெருக்கமான நெசவு என்று தெரிந்தபோது, அதையும் கொடுத்தார். சீனித்தாய் அந்த விஷயத்தைத்தான் குழாயடியில் அறிவித்தது.

அந்தப் பம்பு தண்ணீரால் வெட்டவும் செய்யும் என்று அவருக்கு ஒரு விபத்தால் தெரியவந்தது. குழாய் இணைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து வந்த தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் பக்கமாகக் குனிந்தவரின் தோள்துண்டில் பாதி, கத்தரியில் வெட்டியதுபோல் கீழே விழுந்தது. கழுத்து தப்பியது. அவர் அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு நேரே கேஸ் வெல்டிங் பட்டறை சாமித்துரையிடம் ஓடினார்.

சாமித்துரை அவருக்குச் சேக்காளி, நெருங்கிய சிநேகிதன். நெருப்பால் இரும்பை அறுக்கிறவன் என்பதால், தண்ணீரைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலி கடிச்சிருக்கும், அண்ணாச்சி."

"தண்ணிவே. தண்ணி வெட்டிருக்கு."

"அப்பம் இனிமே குளிக்கையில பாத்துக் குளிங்க."

இந்த நிலையில்தான், எண்பத்துமூன்றாம் வருடத்துத் தை மாதம், பேக்டரியை மூடினார்கள். பழைய முதலாளி இறந்து, பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். பழைய இரும்பு வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்து, ஒவ்வோர் இயந்திரத்தையும் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி தட்டிப் பார்த்து, எடுத்துக்கொள்வதன் மேலெல்லாம் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார். பம்பின் நெற்றியிலும் ஒன்று போட்டார். மாசி முடிந்ததும் லாரி வரும் என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷைச் சோலைச்சாமியின் துணியிலேயே துடைத்துவிட்டுப் போனார்.

வாட்ச்மேனாகக் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னார்கள். இருந்தார். நெற்றியில் குறி வாங்கிய பம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஊருக்குப் போயிருவமா?" என்று சீனித்தாய் கேட்டாள். "உங்க அண்ணன்மாரு புஞ்சைய வச்சிக்கிட்டுத் தனியாத்தான கெடக்காவ."

"போறதுன்னா பம்போடதான் போவேன்."

"அங்கன தண்ணி கெடையாதே. பம்ப வச்சிக் காத்தையா அமுக்கப் போறீங்க?"

 அவருடைய கண் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சாமி முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி செய்கிற பேக்டரி. அதன் முற்றத்தில், ஓர் உடைமரத்தடியில், ஓர் இரும்பு உருளை கிடந்தது. தீக்குச்சிக்கு மருந்து அரைக்கிற உருளை. இரண்டு வருடம் முன்பு ஒரு தீபாவளி விடுமுறைக்கு முன்னால், யாரோ மருந்தை உள்ளே விட்டுவிட்டு மூடியை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது மூடியும் போல்ட்டும் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. உள்ளே மருந்து காய்ந்து கிடந்தது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சுத்தியலால் தட்டினால் வெடிக்கும். உளி வைத்தால் வெடிக்கும். கேஸ் வைத்து அறுக்கலாம் என்று சாமித்துரையை அழைத்து வந்தார்கள். அவன் வந்தான், குழாயைப் பூட்டினான், பொறி தட்டுகிற லைட்டரைத் தற்செயலாக உருளையின் மேல் வைத்துவிட்டு, "உள்ள என்ன, எண்ணெயா?" என்று கேட்டான். சொன்னார்கள். சிலிண்டர், குழாய், செருப்பு ஒன்று ஆகியவற்றை அங்கேயே விட்டுவிட்டு அவன் போன வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சிலிண்டரைப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டான். உருளைமேல் இருந்த லைட்டரை எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த லைட்டர் உருளையின் உச்சியிலேயே இருந்தது. ஆபீஸ் பெண்கள் உருளையைச் சுற்றிப் பெரிதாக வளைந்து நடந்தார்கள். நாளடைவில் அந்த வளைவில் புல் செத்து ஒரு தடம் விழுந்தது. பிறகு யாரோ தூரத்தில் நின்றபடியே மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்கள். பிறகு அதற்கு உருளைச்சாமி என்று பெயர் வந்தது. சூடம் காட்டக் கூடாத சாமி தமிழ்நாட்டில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சோலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தங்கச்சாமி முதலாளியைப் பார்க்கப் போனார்.

"முதலாளி, உருளைய நான் அறுத்துத் தாரேன்."

"உளியும் ஆகாது, நெருப்பும் ஆகாது. பெறவு எதுலவே அறுப்பீரு?"

"தண்ணியில."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார். "இந்த வருசம் சீக்கிரமே ஆரம்பிச்சிட்டு. மோர் குடிச்சிட்டுப் போரும்."

"மோர் வேண்டாம். அறுத்துட்டேன்னா அந்தக் கொட்டகையையும் கிணத்தையும் பம்பையும் நீங்க வாங்கிக்கிடணும். நான் அதுலயே வேலை பாக்கணும்."

"அறுக்கலன்னா?"

"லாரி வரும். பம்பு மேல ஏறும். நானும் கூட ஏறிக்கிடுவேன்."

முற்றத்தில் பாதி இடம் அந்த உருளைக்காகச் சும்மா கிடக்கிறது. குச்சி காயவைக்க இடமில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் தடத்தைப் பார்த்ததும் பக்கத்து ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள். இவற்றையெல்லாம் யோசித்து, தங்கச்சாமி சரி என்றார். நடக்காது என்று உறுதியாகத் தெரிந்த காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

மறுநாளே சோலைச்சாமி ஆராய்ச்சியில் இறங்கினார்.

வெறும் தண்ணீர் துணியை வெட்டியது. ரப்பர் செருப்பை வெண்ணெய் போல் வெட்டியது. கருப்பட்டியை வெட்டியது, ஆனால் வெட்டிய இரண்டு பாதியும் பிறகு கிடைக்கவில்லை. வேப்பம்பலகைக்கு மயிர் முளைத்த மாதிரி நார் கிளம்பியது. இரும்புத் தகட்டைத் தண்ணீர் நன்றாகக் குளிப்பாட்டிவிட்டது. அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

அன்று மாலை அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பழைய வால்வு ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். வால்வை உழுது போட்டது எது என்பது அவருக்குத் தெரியும்.  இருபது வருடம் எந்தத் துரோகியை வாசலில் நிறுத்தினாரோ, அவனையே கூப்பிட வேண்டியிருந்தது.

கூப்பிட்டார். ஆனால் பம்புக்குள் விடவில்லை. அந்த அளவுக்கு அவர் கெட்டுப்போகவில்லை. பஞ்சை அமுக்குகிற பிரஸ்ஸுக்காக வாங்கிப் போட்டிருந்த உபரி சிலிண்டர் ஒன்று இருந்தது. அதன் சுவர் உள்ளங்கை அகலத்துக்குக் கனம். அதைப் பம்புக்கு அப்பால் பொருத்தி, உள்ளே மணலை நிரப்பினார். தண்ணீரில் ஒரு பங்கு நேரே போகும். ஒரு பங்கு சிலிண்டருக்குள் நுழைந்து மணலை அழைத்துக்கொண்டு வெளியே வந்து முதல் பங்கோடு சேரும். இரண்டும் சேர்ந்து சின்ன ஓட்டை வழியாகப் பீறிடும். பம்பின்மேல் மணல் படாது. சம்சாரி வீட்டுப் பிள்ளை ஆனதால் அந்தச் சிலிண்டருக்குக் குலுக்கை என்று பெயர் வைத்தார். அவர் ஊரில் தானியம் கொட்டி வைக்கிற மண்கூட்டுக்கு அதுதான் பெயர்.

பித்தளையில் செய்த ஓட்டையை மணல் முதல் நாளே தின்று தீர்த்தது. அரை அங்குலமாகிவிட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடியது. எஃகில் செய்தார்; அதையும் தின்றது. கடைசியில் நூற்பாலையில் நூல் ஓடுகிற பீங்கான் வளையம் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். வருடக்கணக்காக நூல் உரசியும் தேயாத சாதனம். அது தாங்கியது.

ஆனால் மணல் தாங்கவில்லை. வைப்பாற்று மணலைப் போட்டார். தகட்டில் மோதி அதுவே மாவாகிப் போனது. தகடு பளபளப்பானதுதான் மிச்சம். ஊரிலிருந்து அண்ணன் சொல்லியனுப்பினாரே என்று ஊர்க் கரிசலையும் போட்டுப் பார்த்தார். அது குழாய்க்குள் களி கிண்டியது. குழாயைக் கழற்றிச் சுரண்ட ஒரு நாள் போயிற்று.

இதற்கிடையே, தெருக்குழாய் வறண்டு குடங்கள் வரிசையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெத்தம்மாள் நாலு பெண்களோடு கொட்டகைக்கு வந்துவிட்டாள். அந்தத் தெருவில் குடவரிசைக்கு அவள்தான் நாட்டாமை.

"ஏன்வே சோலைச்சாமி, பச்சைப் பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணியில்ல. நீரு செங்கலையும் தகட்டையும் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீரோ?"

சோலைச்சாமி பேக்டரிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினார். அவள் ஒரு வாய் வாங்கி, அங்கேயே துப்பினாள்.

"தூ. கழுதைகூடக் குடிக்காது."

"அதான் இரும்புக்குக் குடுக்கேன்."

பெத்தம்மாள் டம்ளரைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள். சண்டைக்கு வந்து சும்மா திரும்புவது மரியாதை இல்லை என்பதால், "சரி, எப்பிடித்தான் வெட்டுதீருன்னு பாக்கோம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் அவளும் வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருத்தி.

மாசி முடியப் போனது. லாரிக்கு நாள் நெருங்கியது. அப்போதுதான் வீட்டில் சட்டி ஒழுகியது.

சட்டி விவகாரத்துக்குப் பூர்வகதை உண்டு. சீனித்தாய் கடலோரத்து ஊர்க்காரி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுடைய அம்மா படி அனுப்புவாள்: பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, பனங்கிழங்கு, கூடவே ஒரு சாக்கு மணல். கரிசல் காட்டில் மகளைக் கொடுத்துவிட்டோமே, பாத்திரம் தேய்க்க அங்கே நல்ல மண் இருக்குமா என்பது அந்தத் தாயின் கவலை. கருஞ்சிவப்பு மணல். அள்ளினால் கனக்கும், வெயிலில் மினுங்கும். அதைப் போட்டுத் தேய்த்தால் சட்டியில் முகம் தெரியும். தொடர்ந்து தேய்த்தால், சட்டியின் அந்தப் பக்கம் இருப்பவர் முகமும் தெரியும். வருடத்துக்கு இரண்டு சட்டி ஓட்டையாகும். சோலைச்சாமி ஈயம் வைத்து அடைப்பார். அடைக்கும்போதெல்லாம் மாமியாரை வைவார்.

அன்றைக்கு அவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டி நடுவழியிலேயே சாம்பாரை அவர் தொடையில் ஊற்றியது.

"உங்கம்மை படி அனுப்புதாளா, பகைய அனுப்புதாளா?"

"எங்கம்மைய ஏன் இழுக்கீங்க? சட்டி நைஞ்சு போச்சு."

"போன ஆவணியில வாங்கின சட்டிதானட்டி. மணலா அது? இரும்பக் குடுத்தாகூட…"

அவர் வாயில் வைத்த சொல் அங்கேயே நின்றது. சட்டியை வாங்கித் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாகச் சீனித்தாயைப் பார்த்தார். அவள் பயந்துபோனாள். இருபது வருடத்தில் அவர் அவளை இவ்வளவு அன்பாகப் பார்த்தது கிடையாது.

"அந்த மணல் எங்கட்டி இருக்கு?"

சாக்கில் பாதிக்கு மேல் இருந்தது. தூக்கிக்கொண்டு சாம்பார் வேட்டியோடு ஓடினார். குலுக்கையில் கொஞ்சம் கொட்டி, பம்பை ஓட்டி, தகட்டைக் காட்டினார். முதலில் ஒரு கீச்சொலி. பிறகு தகட்டில் ஒரு கோடு. கோடு பள்ளமாயிற்று. பள்ளத்தின் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாளில் அவர் கண்ணில் பட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. ஓடு அறுந்தது. கண்ணாடி பாட்டிலை மெல்லக் காட்டியபோது அழகாக அறுந்தது, அவசரப்பட்டபோது நொறுங்கியது. அம்மிக்கல்லில் வாய்க்கால் விழுந்தது. அது யாருடைய அம்மி என்பது பிறகுதான் தெரிந்தது, பெத்தம்மாளுடையது. ஒன்றே ஒன்றுதான் அந்தத் தண்ணீரை நிறுத்தியது: நனைந்த பஞ்சுப் பேல். எவ்வளவு பீய்ச்சினாலும் பேல் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. சோலைச்சாமி அதைக் கவனித்து மனதில் வைத்துக்கொண்டார்.

உருளையை யாரும் நகர்த்த மாட்டார்கள். பம்பையும் நகர்த்த முடியாது. ஆகவே சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சுவரையும் தண்ணீராலேயே துளைத்தார். துளைத்த உற்சாகத்தில் நிறுத்தக் கொஞ்சம் தாமதமானது. தீப்பெட்டி ஆபீசில் ஆணியில் தொங்கிய கணக்குப்பிள்ளையின் குடை, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு ஓட்டை வாங்கியது.

தங்கச்சாமி குடையை விரித்து வானத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக, தாம் கொடுத்த வாக்கைப் பற்றி யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு லீவு. அன்றைக்கு நாள் குறித்தார்கள். மறுநாள் லாரி.

ஊரே சுவருக்கு இந்தப் பக்கம், பேக்டரி வளாகத்தில் கூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக்கும் மனிதருக்கும் நடுவே நனைந்த பஞ்சுப் பேல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியாயிற்று. பீங்கான் வளையம் பொருத்திய குழாய் முனையைச் சின்ன வண்டியில் கட்டி, இரண்டு தண்டவாளத் துண்டின் மேல் உருளையை ஒட்டி நிறுத்தியாயிற்று. வண்டியைக் கயிறு கட்டிப் பேலுக்குப் பின்னால் இருந்து இழுக்க வேண்டும். எல்லாம் தயார். உருளைமேல் லைட்டர் மட்டும் இருந்தது. அதிர்ச்சியில் அது உருண்டு விழுந்து ஒரு பொறி தட்டினால், அத்தனை தண்ணீரும் வீண்.

"அது யாரு லைட்டர்?" என்று தங்கச்சாமி கேட்டார், தெரியாதவர்போல.

சாமித்துரை கூட்டத்தில் ஒருவன் முதுகுக்குப் பின்னால் குனிந்தான். "எனக்கு வேண்டாம் முதலாளி. அதை உருளைச்சாமிக்கே எழுதிவச்சிட்டேன்."

சோலைச்சாமி ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குள் நடந்தார். எல்லாரும் வளைந்து போகிற தடத்தில் வளையவில்லை. நேரே போனார்.  ஈரச் சாக்கை உருளைமேல் போர்த்தி, அதற்குள்ளே கையை விட்டு, தூங்குகிற பிள்ளை கையிலிருந்து விளையாட்டுச் சாமானை எடுக்கிற மாதிரி லைட்டரை எடுத்தார். திரும்பி வந்து அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டார்.

பிறகு பம்பை ஓட்டச் சொன்னார். பம்பின் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தது சீனித்தாயைத்தான். வேறு யாரை நம்புவது? வால்வைத் திறந்தாள். உருளை கிறீச்சிட்டது.

சோலைச்சாமி கயிற்றை இழுத்தார், விட்டார், இழுத்தார். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து போய் வந்தது. சிவப்புச் சேறு தெறித்தது. உருளையின் இரும்பு தகடு மாதிரி இல்லை, கனம். வெயில் உச்சிக்கு வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை தோல் கயிற்றோடு போயிற்று. துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். பள்ளம் ஆழமாகிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் துளை விழவில்லை. துளை விழுந்தால் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் மாறியது. ஆனால் அவர் எதிர்பார்த்த சத்தம் அல்ல. கிறீச்சு போய், வெறும் தண்ணீர் அடிக்கிற சளசளப்பு. குலுக்கையில் மணல் தீர்ந்துவிட்டது.

பம்பை நிறுத்தினார்கள். சாக்கை உதறினார்கள், ஒரு பிடி விழுந்தது. ஆற்று மணல் உதவாது. கடலோரத்துக்குப் போய்வர நேரமில்லை. லாரி விடியற்காலையில்.

தங்கச்சாமி இரக்கத்தோடு தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் பாடுபட்டீரு. மோர் குடிக்கீரா?"

சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்த சோலைச்சாமி பம்பு இருக்கும் திசையைப் பார்த்தார். அதன் நெற்றிக் குறி கதவு வழியாகத் தெரிந்தது. சீனித்தாய் அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட மணல் இருக்கு," என்றாள்.

"எங்கனட்டி?"

"அடுப்படியில. ஒரு பானை எடுத்துவச்சிருக்கேன். நீங்க சாக்கோட ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் பெறவு எத வச்சிப் பாத்திரம் தேய்க்க?"

"எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு வாரேன். ஆனா ஒண்ணு." அவள் குரலைக் குறைக்கவில்லை. "இனிமே எந்தச் சட்டியில ஓட்டை விழுந்தாலும் எங்கம்மைய ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பெத்தம்மாள் தலையை ஆட்டி நியாயம் என்று தீர்ப்புச் சொன்னாள். சோலைச்சாமிக்கு மாமியார்மேல் இருந்த கோபம் இருபது வருடச் சேமிப்பு. ஒரு கணம் அதையும் பார்த்தார், பம்பையும் பார்த்தார்.

"சொல்லல."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்லா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் அவள் போனாள்.

பானை வந்தது. அதில் சாம்பலும் புளிச்சக்கையும் கலந்திருந்தன. அந்தப் பட்டுக்கரை வேட்டி மீண்டும் ஒருமுறை வந்தது. அதில் அலசி அலசிச் சுத்தம் பண்ணினார்கள். குலுக்கையை நிரப்பி, மறுபடியும் பம்பை ஓட்டினார்கள். கிறீச்சு திரும்பி வந்தது. சோலைச்சாமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் வைத்து அறுத்தார். பானை மணல் தீரும் தறுவாயில், உருளைக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு, பள்ளத்திலிருந்து திரும்பித் தெறித்த தண்ணீர் நின்றுபோய், உள்ளே இறங்கத் தொடங்கியது.

"விழுந்துட்டு," என்றார் சோலைச்சாமி.

உருளை நிறைந்து வழியும்வரை தண்ணீரை விட்டார். உள்ளே இருக்கிற மருந்து எதுவானாலும் ஊறிச் சேறாகட்டும் என்று இரவெல்லாம் அப்படியே ஊறவிட்டார்கள். விடிந்ததும், லாரி வாசலில் வந்து நிற்கும்போது, மருந்து நனைந்ததால் இனி உளிக்குப் பயமில்லை என்று, அவரும் சாமித்துரையுமாக ஈரச் சாக்கோடு போல்ட்டை வெட்டி மூடியை நெம்பித் திறந்தார்கள். ஊர் எட்டிப் பார்த்தது.

உருளைச்சாமியின் வயிற்றில் ஒரு தோசை அளவு மருந்து இருந்தது. கொஞ்சம் பெரிய தோசை. ஊறிக் கூழாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சாமி முதலாளி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. மூடி திறந்ததற்கான நிம்மதி இல்லை அது.

"இவ்வளவுதானாவே? இந்தத் தோசைக்கா இவ்வளவு பாடு? இதுக்குப் போயி ஒரு பம்பும் கொட்டகையும்…" என்று இழுத்தார். வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

   சோலைச்சாமி லாரிக்கும் கொட்டகைக் கதவுக்கும் நடுவில் போய், தோல் போன கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சாமித்துரைதான் பேசினான். வாளிக்குள்ளே கையை விட்டு லைட்டரை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"முதலாளி சொல்லுததும் சரிதான். சின்னத் தோசைதான். அத அப்பிடியே வெயில்ல வைப்போம். காஞ்ச பெறவு நான் தூரமா நின்னு ஒரு கம்புல லைட்டரக் கட்டித் தட்டுதேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லுங்க, சின்னதா பெருசான்னு."

கூட்டத்தில் வேறு இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமாரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முற்றத்திலும் ஆளுக்கொரு உருளைச்சாமி இருந்தது அதுவரை வெளியே தெரியாத விஷயம். அதில் ஒருவர் சோலைச்சாமியின் பக்கமாக நகர்ந்து, "அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாங்களேன்" என்றார்.

தங்கச்சாமி சட்டென்று தொண்டையைச் செருமினார்.

"கொட்டகைக் கதவு ஒரு பக்கம் தொங்குதே. மாத்தணுமாவே?"

"மாத்தணும் முதலாளி."

"சரி, மாத்திரும்."

பம்புக்குத் தங்கச்சாமி பணம் எண்ணிக்கொடுக்க, லாரி மற்ற இரும்புகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. சோலைச்சாமி கொட்டகைக்குள் வந்தபோது சீனித்தாய் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பானையின் அடியில் மிச்சமிருந்த மணலை ஒரு துணியில் ஒற்றி, பம்பின் நெற்றியில் இருந்த சிவப்புக் குறியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"மெல்லத் தேய்ட்டி," என்றார். "ஓட்டை விழுந்துரும்."

அவள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கம்மையச் சொல்லலட்டி," என்றார் அவசரமாக. "மணலத்தான் சொன்னேன்."